எந்த ஊர்க் கரி?

வெயிலையும் ஒரு சிட்டிகைத் தூளையும் வைத்துக்கொண்டு கரியமில வாயுவை எரிபொருளாக்கிவிட்டார்கள் என்று படிக்கும்போதெல்லாம் மனசுக்குள் ஏதோ ஒன்று முரண்டு பிடிக்கிறது. நம்ப மறுக்கிறேன் என்பதில்லை. நடக்கக்கூடியதுதான் என்று தெரியும். 1979இல் இனோவே, ஃபுஜிஷிமா, கோனிஷி, ஹோண்டா என்ற நான்கு ஜப்பானியர்கள் ‘நேச்சர்’ இதழில் அதைக் காட்டிவிட்டார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற குறைகடத்தித் தூளைத் தண்ணீரில் கலக்கி, கரியமில வாயுவைக் குமிழியிடவிட்டு, மேலே ஒளியைப் பாய்ச்சினால் ஃபார்மிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு, மெத்தனால், கூடவே கொஞ்சம் மீத்தேன். அதற்குப் பிறகு வந்த ஆய்வுக் கட்டுரைகளை யாரும் எண்ணி முடிக்க மாட்டார்கள். என்னை உறுத்துவது வேறு. குடுவையிலிருந்து வெளியே வந்த மீத்தேனின் கரி எங்கிருந்து வந்தது? உள்ளே அனுப்பிய வாயுவிலிருந்துதானே, இதில் என்ன கேள்வி என்று தோன்றலாம். ஊர்ப்பக்கம் புதிதாக ஒருவர் வந்து நின்றால் பெயரைக் கேட்பதற்கு முன்பே ‘எந்த ஊரு’ என்று கேட்டுவிடுவோம். ஒரு மூலக்கூறிடம் அப்படிக் கேட்க முடியுமா, கேட்டால் சொல்லுமா, அது சொல்லாதபோது நமக்குப் பிடித்த ஊர் ஒன்றை நாமே எழுதிக்கொள்கிறோமா என்பதைத்தான் சில காலமாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

இந்தத் தூள் எங்கள் பக்கத்துக்கு அந்நியமானதல்ல. மாமல்லபுரத்துக்குத் தெற்கே வெண்புருஷம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று கரையோரமாக நடந்தால், ஐப்பசி கார்த்திகை அலைகள் அறுத்துவிட்டுப்போன இடங்களில் கருமணல் வரிவரியாகக் கிடக்கும். லேசான மணலை அலை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது நின்றுவிடும். அள்ளினால் கை கனக்கும், பகலில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தக் கருமையில் பெரும்பங்கு இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு சேர்ந்த தாது. ஊடே சிவப்பாகக் கார்னெட். கொஞ்சம் மோனசைட்டும் உண்டு, கல்பாக்கம் கரையில் இயற்கைக் கதிரியக்கம் சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு அதுதான் காரணம். பக்கத்தில் நிற்கும் அணுமின் நிலையத்தின் தலையில் அதையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கரையே பதில். இதே இல்மனைட்டை மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் தொழிலாக அள்ளுகிறார்கள். அமிலத்திலோ குளோரினிலோ இரும்பைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பால்வெள்ளையான டைட்டானியம் டை ஆக்சைடு. சுவர்ப் பெயின்ட், பற்பசை, மாத்திரையின் மேற்பூச்சு எல்லாவற்றிலும் வெள்ளை அதனுடையது. சுவருக்கு அந்த வெள்ளை அழகு, எரிபொருள் செய்வதற்கோ அதுதான் குறை. வெள்ளையாக இருப்பது என்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை எல்லாம் திருப்பி அனுப்புவது. 387 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாவை மட்டுமே அது வாங்கிக்கொள்கிறது. நிலத்துக்கு வரும் வெயிலில் புற ஊதாவின் பங்கு நூற்றில் நான்கோ ஐந்தோதான். அதனால்தான் ஆய்வுக்கூடங்கள் இத்தனை காலமாக அந்த வெள்ளையைக் கெடுக்கப் பாடுபடுகின்றன. நைட்ரஜனைக் கலந்து மஞ்சளாக்குகிறார்கள், ஆக்சிஜனைக் குறைத்துக் கறுப்பாக்குகிறார்கள், மேலே செம்பையோ பிளாட்டினத்தையோ தூவுகிறார்கள். கறுப்பாகக் கிடந்ததை வெளுத்து, வெளுத்ததை மறுபடி நிறமேற்றுகிறோம்.

ஒளி விழுந்தால் தூளுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வது எளிது. ஒரு எலெக்ட்ரான் மேலே துள்ளுகிறது, அது இருந்த இடம் காலியாகிறது. துள்ளியதும் காலியிடமும் மறுபடி ஒன்றுசேரத் துடிக்கின்றன. பெரும்பாலானவை நானோநொடிக் கணக்கில் சேர்ந்து, வந்த ஒளி வெறும் சூடாகப் போய்விடுகிறது. தப்பியவை தூளின் மேற்பரப்புக்கு வந்துசேர வேண்டும். வந்த இடத்தில் கரியமில வாயு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதுவோ தண்ணீரில் லேசில் கரையாது. ஒரு மெத்தனால் மூலக்கூறுக்கு ஆறு எலெக்ட்ரான்கள் வேண்டும், ஒரு மீத்தேனுக்கு எட்டு. சுற்றிலும் இருக்கும் தண்ணீரோ இரண்டே எலெக்ட்ரானில் ஹைட்ரஜனாகிவிடும். பந்தியில் அதுதான் முதலில் உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே கிடைக்கும் விளைச்சலை மைக்ரோமோலில் எழுதுகிறார்கள். ஒரு கிராம் தூளுக்கு மணிக்குப் பத்து மைக்ரோமோல் மீத்தேன் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வெயிலுக்கு எண்பது மைக்ரோமோல், எடையில் 1.3 மில்லிகிராம். ஒரு கிலோ தூளைப் பரப்பி வைத்தால் நாளொன்றுக்கு 1.3 கிராம். வீட்டுக்கு வரும் சிலிண்டரின் 14.2 கிலோவை அந்த வேகத்தில் நிரப்ப ஏறத்தாழ 30 ஆண்டு ஆகும், அதுவும் தூள் களைத்துப்போகாமல் இருந்தால். சிறிய எண் என்று கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. எல்லாம் முதலில் சிறியதாகத்தான் இருக்கும். சிறிய எண்ணுக்கு வேறு ஓர் ஆபத்து இருக்கிறது: அந்த அளவில் அழுக்கும் விளைச்சலும் ஒரே உயரத்தில் நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் தூளில் ஆயிரத்தில் ஒரு பங்கு கரி ஒட்டியிருக்கிறது என்று கொண்டால், அது ஒரு மில்லிகிராம். மோல் கணக்கில் 83 மைக்ரோமோல். நாள் முழுதும் வெயிலில் காய்ந்து கிடைத்த மீத்தேனில் இருக்கும் கரி 80. கரியமில வாயுவைத் தொடாமலே, தன் மேலிருந்த அழுக்கை மட்டும் எரிபொருளாக்கி, இந்தத் தூள் தன் புகழை முழுதாகச் சம்பாதித்துவிட முடியும். அழுக்குக்குப் பஞ்சமில்லை. இந்தத் தூளைச் செய்வதற்கு எடுக்கும் டைட்டானியச் சேர்மமே பல நேரம் கரிமச் சேர்மம்; கரைப்பானாக ஊற்றுவது ஆல்கஹால்; குழாயின் திருகில் தடவியது கிரீஸ்; வெற்றிடப் பம்பில் எண்ணெய். விரல் பட்ட இடமெல்லாம் கொழுப்பு. 2010இல் நெதர்லாந்தில் கிடோ மூல் குழுவினர், செம்பு ஏற்றிய டைட்டானியம் டை ஆக்சைடில் கார்பன் 13 கொண்ட கரியமில வாயுவைச் செலுத்திப் பார்த்தார்கள். வெளியே வந்த கார்பன் மோனாக்சைடில் பெரும்பாலும் சாதாரணக் கார்பன் 12. தூளில் எஞ்சியிருந்த கரிதான் வினையில் பங்கெடுத்திருக்கிறது. இது உண்மையா புனைவா என்ற கேள்வியையே அவர்கள் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார்கள். இந்தச் சந்தேகமும் புதிதல்ல. 1920களில் லிவர்பூலில் ஈ. சி. சி. பேலி, புற ஊதா ஒளியில் கரியமில வாயுவும் நீரும் ஃபார்மால்டிஹைடாகின்றன, சர்க்கரைகூட ஆகின்றன என்று அறிவித்தார். 1925இல் போர்ட்டரும் ராம்ஸ்பெர்கரும் பாத்திரத்திலிருந்து கரிம அழுக்கை மிகுந்த கவனத்தோடு அகற்றிவிட்டு அதையே செய்தபோது ஃபார்மால்டிஹைடு வரவில்லை. அதே காலத்தில் நம் அலகாபாத்தில் நீல் ரத்தன் தர், கண்ணாடிப் பாத்திரங்களை வெயிலில் வைத்து அதே ஃபார்மால்டிஹைடைத் தேடிக்கொண்டிருந்தார். வெப்பமண்டலத்து வெயிலுக்கு மற்ற வெயிலுக்கில்லாத சக்தி இருக்கும் என்ற நம்பிக்கையில் எனக்கு ஒரு பரிவு உண்டு. இங்கே பிறந்தவனுக்கு அது நியாயமாகவே படும். நியாயமாகப் படுவதால்தான் அதைக் கண்டு பயமும்.

ஆகவே இந்தத் துறையில் நான் முதலில் தேடிப் படிப்பது விளைச்சலைச் சொல்லும் பத்தியை அல்ல, எதுவும் நடக்காத பத்தியை. விளக்கை அணைத்துவிட்டு ஒரு முறை. விளக்கு எரிய, தூள் இல்லாமல் ஒரு முறை. தூளும் விளக்கும் இருக்க, கரியமில வாயுவுக்குப் பதில் ஆர்கானை அனுப்பி ஒரு முறை. இந்த மூன்றாவதுதான் உயிரானது. வாயுவே இல்லாதபோதும் மீத்தேன் வந்தால் அது தூளின் சொந்தச் சரக்கு. கடைசியாகக் கார்பன் 13 ஏற்றிய வாயு. நிறைமானியில் மீத்தேன் 16இல் வராமல் 17இல் வந்தால், ஆமாம், இது நாம் அனுப்பிய கரிதான். வெற்றுச் சோதனை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிற இந்தச் சடங்குக்குள்தான் ஆய்வின் நேர்மை முழுதும் உட்கார்ந்திருப்பதாக எனக்குப் படுகிறது. அதையும் தாண்டி ஒரு நெருடல் இருக்கிறது. எலெக்ட்ரான் போன பின் மிஞ்சும் காலியிடம் தண்ணீரிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டும். அதுதான் கடினமான பாதி. அதைத் தவிர்க்க டிரை எத்தனாலமீன் போன்ற ஒன்றை ஊற்றுகிறார்கள். அது தன் எலெக்ட்ரானைத் தாராளமாகக் கொடுத்துவிட்டுத் தான் சிதைந்துபோகும். விளைச்சல் சட்டென்று ஏறும். ஆனால் அது எண்ணெய்த் தொழிலிலிருந்து வந்த பொருள், கிடைக்கும் எரிபொருளைவிட விலை கூடியது. கரி வெளியிலிருந்து வந்ததாகவே இருக்கட்டும். அதைத் தூக்கிவிட்ட பலம் யாருடையது என்று அடுத்த கேள்வி முளைக்கிறது. ஆக்சிஜன் வந்ததா, வந்தது எவ்வளவு என்று சொல்லாத கட்டுரையில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது.

கரிக்கு மட்டுமல்ல, ஒளிக்கும் இதே விசாரணை உண்டு. மீத்தேனையும் கரியமில வாயுவையும், ஆக இரண்டு பசுங்குடில் வாயுக்களையும், ஒன்றோடொன்று மோதவிட்டுக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக்கும் வினை ஒன்று இருக்கிறது. அந்தக் கலவையிலிருந்து மெத்தனாலோ டீசலோ செய்துகொள்ளலாம். வழக்கமாக 700 டிகிரிக்கு மேல் நிக்கல் மீது நடத்த வேண்டிய வேலை, நிக்கலோ சீக்கிரமே கரி படிந்து அடைத்துக்கொள்ளும். 2020இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவோமி ஹாலஸ் குழுவினர், செம்பு நானோதுகள்களில் ருத்தீனியம் அணுக்களைத் தனித்தனியாகப் பதித்து, வெளியிலிருந்து சூடேற்றாமல் ஒளியாலேயே அதை நடத்திக் காட்டியதாக எழுதினார்கள். இந்த வகை உலோகத் துகள்களைப் பற்றி அதற்கு முன்பே ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. வேலையைச் செய்தது ஒளி துள்ளவைத்த எலெக்ட்ரானா, ஒளி பட்டுத் துகள் சூடானதால் வந்த வெறும் வெப்பமா? பாத்திரத்தில் தெர்மாமீட்டர் செருகலாம்; நானோமீட்டர் அளவுள்ள மேற்பரப்பின் சூட்டை எதைக் கொண்டு தொட்டுப் பார்ப்பது? செங்கல்பட்டு ஜங்ஷனில் அக்னி நட்சத்திரத்து நடுப்பகலில் கூரையில்லாத பிளாட்பாரத்தில் நின்றவர்களுக்கு இந்த வழக்கின் சிக்கல் தோலிலேயே புரியும். கண்ணைக் கூசவைப்பது ஒளி, முதுகைச் சுடுவது வெப்பம் என்று பிரிக்கலாமே தவிர, தலை சுற்றினால் அது எதனால் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் வெயில் இல்லை. 300 வாட் செனான் விளக்கு. எட்டு மணி நேரம் எரிந்தால் 2.4 யூனிட். நிலக்கரி மின்சாரமாக இருந்தால் அதற்குப் பின்னால் இரண்டு கிலோ அளவுக்குக் கரியமில வாயு, முன்னால் 1.3 மில்லிகிராம் மீத்தேன். இது அநியாயமான ஒப்பீடு என்பது தெரியும். மேகம் மறைத்தால் வெயில் மாறும், அளவீடு ஆடும். விளக்கு ஆடாது என்பதற்காகத்தான் விளக்கு. இருந்தாலும் ‘சூரிய ஒளியால்’ என்று தலைப்பில் எழுதும் கை ஒரு நொடி தயங்கியிருக்கலாம்.

இந்த யோசனைகளோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது கண்ணில் படுவது சவுக்குத் தோப்புகள். அவற்றை இந்தக் கட்டுரைக்குள் கொண்டுவராமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் வெயிலை வைத்துக் கரியமில வாயுவை எரிபொருளாக்கும் தொழில் இந்தக் கரையில் நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. 1860களில் ரயில் இஞ்சினுக்கு விறகு வேண்டும் என்றுதான் சென்னைக் கரை நெடுகச் சவுக்கு நடத் தொடங்கினார்கள். பிறகு பக்கிங்காம் கால்வாய்ப் படகுகளில் பட்டணத்து அடுப்புகளுக்கு விறகு போனது. மணலில் நான்கைந்து வருஷத்தில் வெட்டுக்கு வரும், வேர்முண்டில் வாழும் ஃபிராங்கியா நுண்ணுயிர் நைட்ரஜனைக் கொடுத்துவிடும், மிளாறையும் சருகையும் பெண்கள் வாரிக் கட்டிக்கொண்டு போவார்கள். திறமை என்று பார்த்தால் பெருமையில்லை. விழும் வெயிலில் ஒரு சதவீதத்தை மரமாக்கினாலே பெரிய விஷயம். இலைக்குள் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொடிக்கு மூன்று மூலக்கூறுக்கு மேல் பிடிக்கத் திணறும் சோம்பேறி நொதி. நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும், கரையோரத்துப் பழைய புதர்க்காடும் மணல்மேடும் இதற்காக இழந்தவை பல. ஆனால் வெட்டிக் கிடக்கும் சவுக்குக் கட்டையிடம் ஊரைக் கேட்டால் உடனே சொல்லிவிடும். வளர்ந்த ஆண்டின் காற்றிலிருந்த கார்பன் 14 அதற்குள் இருக்கிறது. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலோ எண்ணெயிலோ எடுத்துப் பார்த்தால் அது எப்போதோ தீர்ந்திருக்கும். மரம் காற்றின் கரி, நிலக்கரி மண்ணின் கரி. எரியும்போது இரண்டும் ஒரே மாதிரிச் சிவப்பாகத்தான் கனலும்.

இங்கேதான் என் சந்தேகம் குடுவையைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. கார்பன் 13 சோதனையில் தேறிய எரிபொருள், நான் இந்த வாயுவிலிருந்து வந்தவன் என்று சொல்லும். அந்த வாயு எங்கிருந்து வந்தது? காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கைத் தாண்டியிருக்கிறது; அளவு ஆபத்தானது, பிடிப்பதற்கோ மிகவும் நீர்த்தது. ஆகவே திட்டம் போடுகிறவர்கள் காற்றை அல்ல, புகைபோக்கியைத்தான் பார்ப்பார்கள். விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் என்.டி.பி.சி. அப்படித்தான் புகையிலிருந்து வாயுவைப் பிரித்து மெத்தனாலாக்கும் ஆலையை அமைத்திருக்கிறது. அங்கே வேலை செய்வது ஒளியல்ல, நீரைப் பிரித்தெடுத்த ஹைட்ரஜன். அந்த மெத்தனாலில் கார்பன் 14ஐத் தேடினால் கிடைக்காது. சுரங்கத்திலிருந்து வந்த கரி, இடையில் ஒரு முறை தங்கி, இன்னொரு முறை எரிந்து வானத்துக்குப் போகிறது. ஒரே கரியை இரண்டு முறை பயன்படுத்தினோம் என்பது உண்மையான ஆதாயம்தான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மின் நிலையம் ‘நான் பிடித்துவிட்டேன்’ என்று ஒரு முறையும், எரிபொருள் விற்பவர் ‘இது புதிதாகத் தோண்டியதல்ல’ என்று இன்னொரு முறையும் கழித்துக்கொண்டால், ஒரே கரிக்கு இரண்டு பேர் புண்ணியம் எழுதிக்கொள்கிறார்கள். வானத்தின் கணக்கில் ஒன்று முழுதாகப் பற்றாகிறது. தூத்துக்குடியில் 2016 முதல் ஓர் ஆலையின் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்பாக்கும் ஏற்பாடு உலகச் செய்தியானது. அரசு மானியமில்லாமல் அதைச் சாதித்தார்கள், நிஜமாகவே மெச்ச வேண்டியது. சோடா உப்பு கண்ணாடி உலைக்குப் போனால் அங்கே உருகும்போது அதிலிருக்கும் கரியமில வாயு மறுபடி வெளியேறும் என்பது அந்தச் செய்தியில் எனக்குக் கிடைக்காத வரி. விளக்கை அணைத்து, வாயுவை நிறுத்தி, தூளை எடுத்துவிட்டுப் பார்க்கும் அந்தச் சடங்கு, பெரிய தொழிலுக்கும் வேண்டாமா? இந்த ஆலை இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும், இந்தப் பொருள் கடைசியில் எங்கே போய் வாயைத் திறக்கும் என்பதுதானே அதன் வெற்றுச் சோதனை.

இப்படிக் கேட்டுக்கொண்டே போகிறவனுக்கு எதிராக என்னிடமே ஒரு வாதம் உண்டு. 1912இல் ஜாக்கோமோ சாமிசியன் என்ற இத்தாலிய வேதியியலாளர் நியூயார்க்கில் பேசும்போது, பாலைநிலத்தில் புகையில்லாத தொழிற்சாலைகள் எழும், செடியின் ரகசியத்தை மனிதன் கைப்பற்றுவான் என்றார். அன்று அவரிடம் வெற்றுச் சோதனையைக் கேட்டு மடக்கியிருந்தால் இந்தத் துறையே பிறந்திருக்குமா? பேலி தவறாகச் சொன்னதும் ஒருவகையில் பயனாகத்தானே முடிந்தது. அதைச் சரிபார்க்கப் போனவர்கள்தான் அழுக்கைக் கண்டுபிடித்தார்கள். 2006இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பி. விஸ்வநாதன் முன்னின்று தேசிய வினையூக்க ஆய்வு மையத்தைத் தொடங்கினார், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.மில் ஒளிவினையூக்கி ஆய்வுகள் நடக்கின்றன. அங்கெல்லாம் குனிந்து வேலை செய்யும் இளைஞர்களிடம் போய், வெயிலடிக்கும் ஊரில் பிறந்துவிட்டு ஏனப்பா ஆசைப்படுகிறாய் என்று கேட்க எனக்கு நாக்கு வராது. ஆசை சரிதான். ஆனால் ஆசைக்குக் கிடைக்கும் கூலியும் சந்தேகத்துக்குக் கிடைக்கும் கூலியும் ஒன்றல்ல. ஆர்கானிலும் பாதி மீத்தேன் வந்தது என்று உண்மையை எழுதுகிறவரின் எண் பாதியாகிவிடும். பாதி எண்ணுக்குப் பெரிய இதழ் கதவைத் திறக்காது, அடுத்த நிதியும் வராது. எழுதாமல் விட்டவரின் எண் முழுதாக நின்று, அதற்கடுத்தவர் தாண்ட வேண்டிய உயரமாகிவிடும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. கேட்கப்படாத கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அவ்வளவே.

எனவே என் எதிர்பார்ப்பை மிகவும் சிறியதாக்கிக்கொண்டேன். கார்பன் 13 வாயு விலை கூடியது, சிறிய உருளையில் வருவது, திட்ட நிதியில் வேதிப்பொருட்கள் என்ற தலைப்பின் கீழ் முதலில் வெட்டுப்படுவதும் அது போன்ற செலவுதான். அந்த உருளையின் விலையைத் திட்டத்தின் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். வெறுமையாக வந்த அளவீட்டை விளைச்சலுக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் அச்சிடச் சொல்லுங்கள். ஆலை வைக்கிறவர்களிடம், இந்தக் கரி எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த ஊருக்குப் போகிறது என்று இரண்டு ஊரையும் எழுதி வாங்குங்கள். அதுவரை, காற்றிலிருந்து எரிபொருள் என்று யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதைப் பாதி விலைக்கே எடுத்துக்கொள்வேன்.